காசியில் விட்டதும் கால்மாட்டில் கிடைத்ததும்

சாதாரணமாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சாதாரணமாகச் சொல்லாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் பெரம்பலூரில் இருக்கிறார். பெயர் என்னவோ ஒன்று, ரேஷன் கார்டில் இருக்கும். நாங்கள் எல்லோரும் அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடுவோம்.

பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் குறிப்பது அவர் வேலை. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அதைத்தான் அவரால் சொல்ல முடியாது. திருமானூர் பஸ் வந்தால், 'கொள்ளிடக் கரைக்குக் குலுங்கிப் போகிற கோதை வந்தனள்' என்பார். கோதை எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடுவார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், மெழுகுவர்த்தியும் கையுமாகக் குன்னத்தில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் இறங்கி நின்றது. யாராவது நேரே வந்து, 'இது எந்த ஊரு பஸ்சுங்க?' என்று கேட்டுவிட்டால், டைம்கீப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டி பஸ்ஸின் போர்டைப் படித்துப் பார்ப்பார். பாட்டு பிறந்த மறுகணம் அதன் பொருள் அவருக்கு மறந்துபோகும். சோறு வெந்ததும் அடுப்பை அணைக்கிற மாதிரி அவர் மூளை அதை அணைத்துவிடும்.

இது தெரியாமல் நான் அவர் வீட்டு மாடி போர்ஷனுக்குக் குடிவந்தேன். வந்த அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. போன் செய்து சாவி எங்கே என்று கேட்டேன். 'ஓயாது சுற்றும் ஒற்றைக் கண்ணன் உச்சியில் உறங்குது' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மின்விசிறி, அம்மிக்கல், எதிர்வீட்டு நாய் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, சாமான்களுக்கு நடுவே வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி சரோஜா அக்கா கடையிலிருந்து வந்து, கரண்ட் மீட்டர் பெட்டிமேல் கையை விட்டுச் சாவியை எடுத்தார். இப்போதெல்லாம் மீட்டர் சுற்றுவதில்லை, எண்தான் ஓடுகிறது என்று சாயங்காலம் டைம்கீப்பரிடம் சொன்னேன். பாட்டில் சுற்றினால் போதும் என்றார்.

சரோஜா அக்கா எந்தப் பாட்டுக்கும் பொருள் தேடியதில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டி வேண்டியதை எடுத்துக்கொள்வார். அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழிதான் சின்ன வயதில் அப்பாவோடு ஈடுகொடுத்தவள். மிட்டாய், பென்சில் பெட்டி, பள்ளிக்கூட ஷூ எல்லாமே அவளுக்குப் பாட்டு வழியாகத்தான் கிடைத்தன. வளர்ந்த பிறகு ஒருநாள், பரீட்சைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஹால் டிக்கெட்டுக்கும் பாட்டு சொன்னாராம். அன்றோடு அந்த விளையாட்டை நிறுத்திவிட்டாள். இப்போது அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தினமும் பஸ்ஸில் போய் ரத்தமும் சர்க்கரையும் பார்த்து, தன் சம்பாத்தியத்தில் சங்கிலியும் வளையலும் சேர்த்துவைத்திருந்தாள். அவளுக்குத் திருமானூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், நெல்லும் கரும்புமாக உள்ள குடும்பம்.

கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு காசிக்குப் போய்வருவதாக டைம்கீப்பருக்கு ஒரு வேண்டுதல். நகையை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார் சரோஜா அக்கா. லாக்கர் என்பது திருடனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுப்பது என்று டைம்கீப்பர் கைகொட்டிச் சிரித்தார். தானே ஒளித்துவைப்பதாகப் பொறுப்பேற்றுக்கொண்டு, அரிசிப் பானையில் வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். திருப்தியில்லை. பரணில் வைத்து இன்னொன்று. அதுவும் சுமார். கடைசியாக எங்கேயோ போய்விட்டுக் காலெல்லாம் மண்ணோடு வந்தார். ரயில் ஏறுவதற்கு முன் குடும்ப வாட்ஸப் குரூப்பில் தன் கணீர்க் குரலில் பாட்டைப் போட்டார். தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம் சொல்வதற்காக என்னையும் அந்த குரூப்பில் சேர்த்திருந்தார்கள். அதனால் நானும் கேட்டேன்.

பூட்டே இல்லாக் கோட்டை ஒன்று
புகுந்து திரும்பும் காற்றும் உண்டு
காட்டிக் கொடுக்காச் சிவந்த பெண்கள்
கால்மாட்டில் தூங்கும் மஞ்சள் கண்கள்.

மஞ்சள் கண்கள் தங்கம் என்பது வரைக்கும் எனக்கே புரிந்தது. மிச்சம் அவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

காசிக்குப் போனால் ஒரு காயும் ஒரு பழமும் விட்டுவிட்டு வர வேண்டும். ஜென்மத்துக்கும் அதைத் தொடக் கூடாது. விவரமானவர்கள் பாகற்காயையும் விளாம்பழத்தையும் விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு திரும்பிவிடுவார்கள். நம் டைம்கீப்பர், வலிக்காத தியாகம் தியாகமே இல்லை என்று கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சின்ன வெங்காயத்தை விட்டார். ஜில்லா முழுக்கச் சின்ன வெங்காயம் விளைகிற பெரம்பலூர்க்காரர்! அதோடு விட்டாரா? விட்ட பொருளின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, மனசாலும் நினைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் வரக் கூடாது என்று தானே சட்டம் போட்டுக்கொண்டார். அவர் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாகச் செய்யமாட்டார். சரோஜா அக்கா முருங்கைக்காயைத் தனியாக மிதக்கவிட்டுச் சாம்பார் வைத்தார். மாடியில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கள்ளத்தனமாக வெங்காயம் உரித்தேன்.

கல்யாணம் நெருங்கியதும், நகையை எடுத்துப் பாலிஷ் போடக் கொடுக்கலாம் என்றார் சரோஜா அக்கா. டைம்கீப்பர் கூடத்தில் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு வரியையும் பிசகில்லாமல் பாடினார். பாடிவிட்டு நின்றார். நாங்களும் நின்றோம்.

"எடத்தை சொல்லுங்க" என்றார் சரோஜா அக்கா.

"அதான் பாட்டுல இருக்கே."

"பாட்டு இருக்கட்டுங்க. நகை எங்க இருக்கு?"

டைம்கீப்பர் மறுபடி ஒருமுறை பாடிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது நான் பார்த்தது, பஸ் ஸ்டாண்டில் பையோடு ஓடுகிற ஜனங்களின் அதே திருதிரு முழிப்பு. "நல்ல பாட்டுதான். ஆனா என்னன்னு தெரியல" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் என்னை அந்தத் தெருவில் விடமாட்டார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். சிவந்த பெண்கள் கோழிகளாக இருக்கலாம் என்று கோழிக்கூண்டைத் தோண்டினோம். கோழிகள் காட்டிக்கொடுத்தன, தெருவே கூடிவிட்டது. மிளகாய் வற்றலாக இருக்கும் என்று மூட்டையைக் கொட்டி அலசினோம். அன்று பூராவும் யாரும் யாரோடும் பேச முடியவில்லை, தும்மல்தான். கோயிலுக்கு மாலை போட்டுச் செவ்வாடை கட்டியிருந்த அடுத்த வீட்டுப் பெண்களிடம் போய், அவர்கள் எந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்கிறார்கள் என்று டைம்கீப்பர் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். நான் நடுவில் விழுந்து காப்பாற்றியிருக்காவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

பிறகு கோட்டை. நம் பக்கத்தில் கோட்டை என்றால் ரஞ்சன்குடிக் கோட்டைதானே? கடப்பாறையோடு நானும் அவரும் போனோம். கதவில்லை, காற்று வருகிறது, எல்லாம் பொருந்துகிறது என்று அவருக்கு ஒரே உற்சாகம். வாசலில் இருந்த காவலாளி கடப்பாறையைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். ஒரு பாட்டுக்குப் பொருள் தேடுகிறோம் என்று டைம்கீப்பர் உண்மையைச் சொன்னார். கடப்பாறையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவர்கள் இல்லை. ஆனால் அது தேன்மொழியின் உழைப்பு. நாங்கள் கோட்டையிலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றபோது அவள் அப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "போனா போவுதுப்பா. ஆனா யாராச்சும் கேட்டா, அங்கயும் பாட்டு பாடி வெக்காத. நான் அந்த வூட்ல வாழப்போறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மறுநாள் மைக்கில், "திருமானூர் பஸ் மூணாவது கட்டையில நிக்குது. ஏறிக்கலாம்" என்று வந்தது. பஸ் ஸ்டாண்டே ஒரு கணம் அசையாமல் நின்றது. டீ மாஸ்டர் கிளாசோடு ஓடிவந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். எல்லோரும் சரியான பஸ்ஸில் ஏறினார்கள், சரியான ஊரில் இறங்கினார்கள், ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. இந்த மனுஷர் தெளிவாகப் பேசினால் பார்க்கச் சகிக்காது என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டைம்கீப்பர் தட்டைப் பார்த்தபடி, இனிமேல் பாட்டே கட்டப்போவதில்லை என்றார். "காசியில இதைத்தான் விட்டிருக்கணும். புத்திகெட்டுப் போயி வேற எதையோ விட்டுட்டு வந்தேன்" என்றார்.

தேன்மொழி இட்லியைச் சாம்பாரில் தொட்டவள், அப்படியே அந்தச் சாம்பாரைப் பார்த்தாள்.

"அப்பா, காசியில நீ என்ன விட்ட?"

"அதை சொல்லக் கூடாதும்மா."

"நெனைக்கவும் கூடாதுல்ல?"

"கூடாது. நெனைச்சா பாவம். நான் நெனைக்கிறதே இல்ல."

அவள் கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டாள். கேட்டுக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். சிவந்த பெண்கள் யாரென்று ஜில்லாவுக்கே தெரியும், இந்த வீட்டில் மட்டும்தான் அவர்களை நினைக்கத் தடை என்றாள். சரோஜா அக்காவின் தம்பி செல்வராசு குன்னம் பக்கம் வெங்காயம் போடுகிறவர். விலை வரும்வரை கொல்லையிலேயே வெங்காயப் பட்டறை போட்டு வைத்திருப்பார். கீழே கல் பரப்பி, மேலே குச்சி அடுக்கி, சுற்றிலும் படல் கட்டி, கீற்றால் மூடியிருப்பார்கள். பூட்டு கிடையாது. காற்று போய்வராவிட்டால் சரக்கு அழுகிவிடும்.

உடனே மாமாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் செல்வராசு குஷியாகப் பேசினார். நீங்கள் காசியில் இருந்தபோது நல்ல விலை வந்தது, பட்டறையைப் பிரித்து மொத்தத்தையும் லோடு ஏற்றித் திருச்சிக்கு அனுப்பிவிட்டேன், கல்யாணத்துக்குத் தாராளமாகச் செய்யலாம் என்றார். சரோஜா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டைம்கீப்பர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். விட்ட பொருளின் பெயர் காதில் விழக் கூடாதாம்.

"அம்மா, எந்திரி. பொண்ணுங்களோட வெச்சிருந்தாதான் போயிருக்கும். அப்பா கால்மாட்டுலன்னுதான சொல்லுது" என்றாள் தேன்மொழி.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் குன்னம் போனோம். படல் இல்லை, கீற்று இல்லை. பட்டறை நின்ற இடத்தில் அடிக்கல்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அடுத்த வெள்ளாமைக்கு ஆகும் என்று செல்வராசு அவற்றைப் பெயர்க்காமல் விட்டிருந்தார். கடப்பாறை கோட்டையில் இருந்ததால் மண்வெட்டியால் நெம்பினோம். ஓரத்துக் கல்லுக்கு அடியில், பாலிதீன் பையில் சுற்றிய எவர்சில்வர் டிபன் டப்பா. சரோஜா அக்கா மூடியைத் திறந்தார். காலை வெயில் பட்டதும் உள்ளேயிருந்து மஞ்சள் கண்கள் அத்தனையும் முழித்துக்கொண்டன. செல்வராசு விசில் அடித்தார். நான் அந்தக் கொல்லையில் ஒரு ஆட்டம் போட்டேன். அதற்குச் சாட்சி இருக்கிறது, மறுக்க முடியாது.

டைம்கீப்பர் மட்டும் டப்பாவை எட்டிப்பார்க்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுப்பா."

"முழுசாவா?"

"கால்மாட்டுலங்கற வார்த்தைதான்ப்பா அழகு. அது இல்லன்னா எல்லாம் போயிருக்கும்."

அந்தக் கல்மேல் உட்கார்ந்து மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார். சுற்றுவட்டாரத்தில் ஒரு வெங்காயம்கூட இல்லை. இத்தனை வருஷம் ஊரைக் கூட்டி மைக்கில் பாடியவருக்குக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அதுவும் வீட்டிலேயே. எங்களோடு வீட்டுக்கு வராமல் நேரே வேலைக்குப் போனார். அன்றைக்கு மைக்கில் அவர் பாடிய பாட்டு ஒருவருக்கும் விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டே கைதட்டியது. டீ மாஸ்டர் அடுப்பிலிருந்த பாலை மறந்துபோனார்.

திருமானூரில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தேன்மொழி அத்தனை நகையையும் போட்டுக்கொண்டு, யார் கேட்டாலும் புதையல் கதையைத் தானே சொன்னாள். அப்பா பாட்டை அவளே ராகத்தோடு பாடிக் காட்டினாள். சம்பந்தி வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, டைம்கீப்பரை மேடையில் ஏற்றி இன்னொன்று பாடச் சொன்னார்கள். அவரை இறக்குவதற்குள் பந்தி ஆறிவிட்டது.

மறுநாள் காலையில் குரூப்பில் அவர் குரல் வந்தது. இரண்டே வரி. கோலம் போட ஆளில்லாத வாசலைப் பற்றி என்னவோ பாடியவர், நடுவில் நிறுத்தி மூக்கை உறிஞ்சிவிட்டு முடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தேன்மொழி பதில் போட்டாள்: 'ஞாயித்துக்கிழமை வரேன்ப்பா.' அவர் பாடியதில் எனக்குத் தானாகப் புரிந்த ஒரே பாட்டு அதுதான். அதைக் கேட்ட பிறகு, ஆபீசுக்கு நேரமாகியும், கீழே இறங்கிப் போய் அவர் பக்கத்தில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.