பியானோவை இளைக்க வைத்தேன்

தோற்றுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. இது பெரிய குறை என்று என் குடும்பமே சொல்கிறது. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில், சாங்கியில் ஒரு சரக்கு கம்பெனியில் புரோகிராமர் வேலை. தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. (அம்மா அதற்குள் மாதா கோயிலில் எல்லாரிடமும், "ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு" என்று சொல்லி முடித்திருந்தார்.)

எடைச்சீட்டு அச்சடிக்கும் புரோகிராமில் பவுண்டைக் கிலோவாக மாற்ற வேண்டியிருந்தது. நான் திருத்தினேன். பக்கத்து மேசை ரவியும், எனக்குத் தெரியாமல், அதே இடத்தைத் திருத்தியிருந்தான். இரண்டு திருத்தத்தையும் ஒரே புரோகிராமில் ஒன்றுசேர்ப்பது என் முறை. சேராவிட்டால் அப்படியே நிறுத்தி, மேலதிகாரி கோபால் சாரிடம் சொல்ல வேண்டும் என்பது வாய்மொழி விதி. இவை சேரவில்லை. நிரந்தரமாகப் போகிற நேரத்தில் போய், "சேரவில்லை சார்" என்று நிற்பதா? நானா? கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் போடுகிற மாதிரி, ரவியின் வரிகளுக்குக் கீழே என் வரிகளையும் போட்டேன். வேலைப் படிவத்தில் 'முடிந்தது' கட்டத்தில் டிக் அடித்தேன். கோபால் சார் தாளைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கிடங்கிலிருந்து முத்து அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, பியானோ தொண்ணூறு கிலோன்னு சீட்டுல இருக்கு. ரெண்டு பேரு தூக்கப் போனோம். ரெண்டு பேருக்கும் இடுப்பு போச்சு. நீ வந்து தூக்கிப் பாரு லா!"

ரவியின் வரி பவுண்டைக் கிலோவாக்கியிருந்தது. என் வரி அந்தக் கிலோவையும் பவுண்டு என்று நினைத்து, இன்னொரு தடவை கிலோவாக்கியிருந்தது. இருநூறு கிலோ பியானோ ஒரே நாளில் பாதிக்கு மேல் இளைத்துவிட்டது.

"சேரலன்னா சொல்லணும்னு தெரியாதா?" கோபால் சார் கத்தினார். "ஏன் 'முடிந்தது'ல டிக் அடிச்சீங்க?"

நான் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஃபார்ம்ல ரெண்டே கட்டம்தான் சார். 'ஆரம்பித்தது', 'முடிந்தது'. சேரலன்னு எங்க எழுதுறது? அப்புறம், கீழ உங்க சைன் இருக்கு."

ரவி அவசரமாக மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தான்.

நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. (அந்த மூன்று மாதமும் அம்மா பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியாகவே வெளியேறினார்.) ஆனால் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது: 'சேரவில்லை. காரணம் எழுதவும்.'

இன்றும் வீட்டில் நான், "சமையல் முடிஞ்சுது" என்றால், என் கணவர், "முத்து அண்ணனைக் கூப்பிடவா?" என்பார். பிள்ளைகள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்ளட்டும். அந்த மூன்றாவது கட்டத்தில், தன் சொந்த வேலைக்காக, முதல் டிக் அடித்தவர் கோபால் சார்.