மூன்றாம் பந்தயத்தில் என் பேத்தியை ‘விலகினார்’ என்று எழுதியது பற்றி

மதிப்பிற்குரிய பந்தய அதிகாரி அவர்களுக்கு,

அதாவது என் கூடப்பிறந்த தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது. இங்கே பேத்தியைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாயிருக்க வேண்டும். “வாயால சொன்னா செல்லாது, எழுத்துல குடுங்க” என்று இன்று மத்தியானம் பத்துப் பேர் முன்னால் சொன்னீர்கள். இதோ எழுத்து. மரியாதை இந்த வரியோடு தீர்ந்தது.

காலையில நீ சங்கு ஊதினப்போ பொட்டுக் காத்து இல்ல. பதினாலு படகும் பாயைத் தொங்கவிட்டுக்கிட்டு, ஈரத்துணி காயப்போட்ட மாதிரி நின்னுச்சு. வடக்கால மேகம் கறுத்துக்கிட்டு வந்ததை என் மூட்டுவலி சொல்லிடுச்சு, உன் வானிலை மிஷின் சொல்லல. படகுக் கொட்டகை வாசல்ல மடக்கு நாற்காலி போட்டு, பைனாகுலரைக் கண்ணை விட்டு எடுக்காம நான் பார்த்தேன். முதல் மிதவையை என் பேத்திதான் முதல்ல சுத்தினா, ரெண்டாவதையும் அவதான், ஒட்டினாப்புல பின்னாடி உன் பேரன். அப்பதான் காத்து ஒரு தரம் நின்னுது, அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து ஓங்கி அறைஞ்சுது, மழை கண்ணுக்கு முன்னால சாக்குத்துணி கட்டின மாதிரி இறங்கிடுச்சு. நான் முந்தானையில பைனாகுலரைத் துடைச்சு மறுபடி பார்க்கிறப்போ உன் பேரன் படகு வயித்தைக் காட்டிக்கிட்டு மல்லாந்து கிடக்கு. அவனவன் தன் பாயைப் பிடிச்சுக்கிட்டு ஓடறான். என் பேத்தி பாயை இறக்கினா, தண்ணில குதிச்சா, கவிழ்ந்த படகுக்கு அடியில நீட்டிக்கிட்டிருந்த நடுப்பலகை மேல ஏறி நின்னு, அந்த ஒட்டடைக்குச்சி உடம்பை வெச்சு அதை நிமித்தி, அவனைத் தூக்கி உள்ள போட்டா. அவன் திரும்பிக்கூடப் பார்க்காம பாயை இழுத்துக் கட்டிக்கிட்டுப் போய் ஏழாவதா வந்தான். அந்த ஏழாவது இடத்துலயே மூணு பந்தயப் புள்ளியும் சேர்த்து அவன் முதல்ல வந்துட்டான். வெளியூர்ப் போட்டிக்கு ஒருத்தர்தான். போகப்போறது அவன். தூக்கிவிட்டவ பேருக்கு நேரா முடிவுப் பலகையில உன் கோழிக்கிறுக்கல்ல என்ன எழுதியிருக்கு? ‘விலகினார்.’

“ஏன்டா, ஒருத்தனைக் காப்பாத்த நின்னா இழந்த இடத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு உங்க புஸ்தகத்துலயே இருக்காமே?”ன்னு கேட்டேன். “விடுக்கா. இதைக் கேக்காம இருக்கறது நல்லது”ன்ன. யாருக்குடா நல்லது? பக்கத்துல நின்ன படகு மெக்கானிக், “அம்மா, எழுதிக் குடுத்தா விசாரணை வெச்சுத்தான் ஆகணும்”னார். உன் மூஞ்சி சுண்டிப்போச்சு. எழுத்துல குடுங்கன்னுட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்ட. திருடன்னு நான் கத்தினது உன் காதுல விழுந்திருக்கும். விழணும்னுதான் கத்தினேன்.

நீ மாறவே மாட்ட. எனக்குப் பதினொண்ணு, உனக்கு ஒம்பது. செவ்வாய்க்கிழமை. அப்பாவோட சின்னப் படகு, நீலப் பாய், இடது மூலையில ஒட்டு. நடுத்தண்ணில காத்து திரும்பினதும் நீ படகுக்குள்ள சுருண்டு படுத்து அம்மா அம்மான்னு அழுத. சுக்கானைப் பிடிச்சவ நான். உள்ளங்கை தோல் உரிய உரியக் கரை சேர்த்தவ நான். “யாரு ஓட்டினது?”ன்னு அப்பா கேட்டார். வாந்தி எடுத்த வாயைத் துடைச்சுக்கிட்டு “நான்”ன. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா உன்னைத் தோள்ல தூக்கிட்டார். அன்னியிலேருந்து சுக்கான் உனக்கு, தண்ணி இறைக்கிற டப்பா எனக்கு. அந்த ஒரு பொய்யில நீ கோப்பை வாங்கின, கோச் ஆன, இன்னிக்கு சங்கு ஊதற. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னு ஊரார் பாய்க்கெல்லாம் தையல் போட்டேன். என் தையல் மிஷினை இரவல் வாங்கிட்டுப் போய் ஊசி இல்லாம திருப்பிக் குடுத்தது தனி.

ஆகவே, விசாரணை வைத்து என் பேத்தியின் இடத்தைத் திருப்பித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பணிவு என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். உன் மனைவிக்கு என் அன்பு, அவள் என்ன பாவம் செய்தாளோ. பேரனுக்கு ஆசி, ஈரத்தலையோடு படுக்கவேண்டாம் என்று சொல். நீ நூறு வயசு இரு. உன்னைத் திட்டி முடிக்க எனக்கு அவ்வளவு காலம் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள பேத்தி வந்து படிச்சுட்டா. “பாட்டி, இதைக் குடுக்காதீங்க”ன்னா. ஏன்டின்னேன். “அவனைக் கவுத்ததே நான்தான்.” மழைக்குள்ள வழிவிட வேண்டியவ இவளாம். ஜெயிக்கிற வெறியில விடாம பக்கவாட்டுல போய் இடிச்சாளாம். கரைக்கு வந்த கையோட உன்கிட்ட வந்து சொல்லி, ‘விலகினதா எழுதுங்க சின்னத் தாத்தா’ன்னு இவளே கேட்டாளாம். பாட்டிக்குத் தெரியவேண்டாம்னும் கேட்டாளாம். நான் பத்துப் பேர் முன்னால கத்தினப்பகூட நீ சொல்லல. எழுபது வருஷத்துல நீ ஒரு தப்பும் செய்யாத நாள் இது ஒண்ணுதான், அன்னிக்குப் பார்த்து நான் மூணு பக்கம் எழுதித் தொலைச்சிருக்கேன்.

பந்தயத்தைப் பத்தி எழுதினதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடிச்சுட்டேன். செவ்வாய்க்கிழமையை அடிக்கல. பதினாலு வயசுக்காரி பத்து நிமிஷத்துல வாயைத் திறந்துட்டா. இந்தக் கடிதம் தபால்ல வராது. நாளைக்குக் காலையில நானே எடுத்துக்கிட்டு வர்றேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருப்பேன்.