தொண்ணூறில் தோய்த்த கம்பளி

அகதியாக வந்தவனுக்கு அந்த நாட்டுச் சட்டம் தெரியவில்லை என்றால் யாரும் பெரிதாகக் கோபிப்பதில்லை. கம்பளியைக் கொதிநீரில் போடக்கூடாது என்பது தெரியவில்லை என்றால்தான் ஆபத்து. எனக்கு இரண்டுமே தெரியாது. எங்கள் ஊரில் கம்பளியை யார் கண்டது? (ஆடுகள் இருந்தன. அந்த வெயிலில் அவையே மயிர் வளர்க்க விரும்பவில்லை.)

எண்பதுகளின் நடுவில் மேற்கு ஜேர்மனியில் என்னை ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். ஊரின் ஓரத்தில் மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதிதான் அகதிகள் இல்லம். என்னோடு வந்த தமிழர்களை ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்கு மாற்றிவிட, தமிழ் பேசுகிறவன் நான் ஒருவனே மிஞ்சினேன். வேலை செய்யக்கூடாது. அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே யன்னலருகே நிற்பதைத் தொழிலாக எடுத்து, அதில் நல்ல தேர்ச்சியும் பெற்றிருந்தேன். சில நாட்களில் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது பின்னேரம்தான் நினைவுக்கு வரும். குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சத்தமாக வாய்ப்பாடு சொல்வேன். (என் அறையில் இருந்த கானா நாட்டுக்காரன் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, ஏழாம் வாய்ப்பாடு முடியும்வரை மரியாதையாக எழுந்து நிற்பான்.)

எதிர்வீட்டில் ஹெர் நோல், அதாவது திருவாளர் நோல், இருந்தார். மனைவி இறந்துபோன, பிள்ளைகள் இல்லாத கிழவர். ஒரு நாள் காலை அவர் தனியே வாசலில் பனி வழிப்பதைக் கண்டு, நானும் ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரக்கம் ஒன்றுமில்லை, யன்னல் அலுத்துவிட்டது. வழித்து முடித்ததும் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். அன்றிலிருந்து பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போகத் தொடங்கினேன். என் பெயரைக் கேட்டு, பலமுறை சொல்லிப் பழகி, சரியாகவே உச்சரித்தார். அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஒரு வாய்தான் இருந்தது. அகதிகள் அலுவலகத்தில்கூட விரலைக் காட்டித்தான் கூப்பிடுவார்கள்.

கிழவர் இரண்டாம் உலகப்போரில், பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, கடைசியில் அமெரிக்கர்களிடம் கைதியானவர். போரைப் பற்றி மூச்சுவிடமாட்டார். பட்டாளத்துச் சாமான்களைப் பற்றி மட்டும் பொழுது சாயும்வரை பேசுவார். அலுமாரி நிறையப் பீங்கான் கோப்பைகள் இருக்க, சூப்பை நெளிந்த அலுமினியச் சட்டியில்தான் குடிப்பார். ஒரு முனையில் கரண்டியும் மறுமுனையில் முள்ளுக்கரண்டியும் வைத்த ஒன்று இருந்தது. அதைத்தான் எங்கே போனாலும் சட்டைப்பையில் கொண்டுபோவார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கம்பளி. கைதிகள் முகாமில் கொடுத்ததாம், காக்கியும் பச்சையுமான நிறம். முதலில் அதைக் கண்டபோது வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் அது இராணுவத்தின் நிறம். அந்த நிறத்தைக் கண்டால் பின்வேலியால் பாய்ந்து ஓடுவதுதான் எங்கள் வழக்கம். இவரோ சனிக்கிழமைதோறும் அதை வெளியே தொங்கவிட்டு, தூரிகையால் தடவித் தடவித் துப்புரவாக்குவார். தண்ணீர் மட்டும் காட்டமாட்டார். போர் முடிந்த நாளிலிருந்து தோய்க்காத துணி என்பதை அறிந்து, உள்ளுக்குள் முகம் சுளித்தேன்.

மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் என்னைக் காணாததால் கிழவர் இல்லத்துக்கு ஏறி வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், திரும்பிப் போனார், கம்பளியோடு வந்தார். கால்மாட்டைச் சுருட்டிச் செருகி, கழுத்துவரை இழுத்து மூடிவிட்டார். நாட்டைவிட்டு வந்தபிறகு இன்னொருவர் என்னைப் போர்த்திவிட்டது அன்றுதான். காய்ச்சலில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

காய்ச்சல் விட்டதும் பிரச்சினை தொடங்கியது. நோயில் கிடந்தவன் போர்த்திய துணியைத் தோய்க்காமல் திருப்பிக் கொடுப்பதா? ஊரில் அப்படிச் செய்தால் பரம்பரைக்கே பெயர் கெட்டுவிடும். எப்படித் தோய்ப்பது என்று கேட்க, தொலைபேசிக் கூண்டிலிருந்து டுசல்டோர்ஃப் நகரில் இருந்த செல்வம் அண்ணையை அழைத்தேன். என்னைவிடச் சில மாதங்கள் முந்தி வந்தவர் என்பதால் ஜேர்மனியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“உதுக்கேன் யோசிக்கிறீர்? தொண்ணூறில விடும். இஞ்ச எல்லாத்தையும் தொண்ணூறிலதான் தோய்க்கிறவங்கள்,” என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அழுக்குப் போகவேண்டுமென்றால் துணியை அவிக்கவேண்டும் என்பதுதானே நாங்கள் பிறந்ததிலிருந்து கண்டது. நிலவறையில் இருந்த சலவை இயந்திரத்தில் கம்பளியைத் திணித்தேன், சூட்டைத் தொண்ணூறு பாகைக்குத் திருப்பினேன், சவர்க்காரத் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். இத்தனை வருட அழுக்கல்லவா.

திறந்தபோது கம்பளியை யாரோ திருடிவிட்டு ஒரு கால்மிதியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தடிப்பு மட்டும் இரண்டு மடங்கு. நீள அகலம் ஒரு துவாய்க்கு மேல் இல்லை. கானாக்காரன் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து, தேர் வடம்போல இழுத்தோம். நாங்கள்தான் நீண்டோம். மறுபடியும் கூண்டுக்கு ஓடினேன்.

“இழுத்துப் பாத்தனீரோ?” என்று கேட்டார் அண்ணை.

“இழுத்திட்டன் அண்ணை. ஏலாமல் கிடக்கு.”

பிறகு தாழ்ந்த குரலில், “நான் இஞ்ச வேட்டி மட்டுந்தான் தோய்ச்சனான்,” என்றார்.

அதன்பிறகு நான் பின்கதவால் போய்வரும் மனிதனானேன். வேறு ஊருக்கு மாற்றம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். (இராணுவத்துக்குப் பயந்து ஒரு நாட்டைவிட்டு ஓடியவன், இராணுவக் கம்பளிக்குப் பயந்து ஒரு ஊரைவிட்டு ஓடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது.) ஆனால் அங்கே என் பெயரை யார் சொல்வார்கள்? இந்தக் கிழவரையும் இழந்தால் மிச்சம் வாய்ப்பாடுதான். அந்த நாட்களில் இருந்ததைப்போல நான் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை.

திரும்பப் பனி பெய்தது. மத்தியானம் மண்வாரி தெருவில் உரசும் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தேன். கிழவர் தன் வாசலை முடித்துவிட்டு, எங்கள் வாசலையும் வழித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அந்தத் துணியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு இறங்கினேன்.

கிழவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு மிகவும் மகிழ்ந்தார். அழகாக இருக்கிறது, உங்கள் நாட்டில் செய்ததா, கதிரையில் போடவா என்று கேட்டு நன்றியும் சொன்னார். தரித்திரம் பிடித்த நான் அந்த நன்றியையாவது ஏற்றுக்கொண்டிருக்கலாம். அதை விட்டு, தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒரு மூலையில் தன் கையால் சிவப்பு நூலில் கிழிசல் பொத்திய இடத்தைக் கண்டார். விரல் அதிலேயே நின்றுவிட்டது.

“இதற்குள் நாங்கள் இரண்டு பேர் படுத்தோம்,” என்றார். “மற்றவன் ஒரு நாள் காலை எழும்பவில்லை. இனி இது ஒருவனுக்கும் போதாது.”

மண்வாரியைச் சுவரில் சாத்திவிட்டு, துணியோடு உள்ளே போனார். நான் தெருவில் நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவர் கதவைச் சாத்தவில்லை. மாரிகாலத்தில், சூடாக்கி எரியும்போது, ஒரு ஜேர்மன்காரர் கதவைத் திறந்துவைத்திருக்கிறார் என்றால் ஒன்று வீடு தீப்பிடித்திருக்கவேண்டும், அல்லது உள்ளே வா என்று அர்த்தம்.

கிழவர் சோபாவில் இருந்தார். தொலைக்காட்சியில் யாரோ மலையிலிருந்து பனிச்சறுக்கில் பறந்தார்கள். கம்பளி அவருடைய முழங்கால்களை மட்டும் மூடியிருந்தது. பக்கத்தில் தட்டிக் காட்டினார். இருந்தேன். துணி எட்டவில்லை. இன்னும் கிட்ட வரச் சொன்னார். தோளும் தோளும் முட்ட நெருங்கி இருந்தபோது நான்கு முழங்கால்களுக்கும் ஒருவாறு சரியாக வந்தது. முந்தி இதற்குள்ளால் காற்றுப் புகுந்தது, இப்போது புகவில்லை என்றார். கம்பளியைப் பற்றி அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அதன்பின் ஒவ்வொரு மாரிகாலமும் அப்படியே கழிந்தது. தங்க அனுமதி கிடைத்து, கலியாணம் பேசி, எண்பத்தொன்பதில் மனைவி வந்து இறங்கினாள். அடுத்த நாளே அவளைக் கிழவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கிழவர் அவளுக்குக் கைகொடுத்துக் கதிரையும் காட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் சோபாவில் இருந்து துணியை விரித்து, பக்கத்தில் தட்டினார். நானும் பழக்கதோஷத்தில் போய்த் தோளோடு தோள் ஒட்டி இருந்துவிட்டேன். புது மனைவி குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிழவர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், தேநீரை வைத்துவிட்டு அவள் இன்றைக்கும் தொடங்குவாள்: “நான் ஜேர்மனிக்கு வந்து இறங்கேக்க இவருக்கு இஞ்ச ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது.”

வந்தவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் அவசரமாக விளக்கம் சொல்வேன். இப்போது ஓம் என்று தலையாட்டுகிறேன்.