பாவாடை கொடுத்த ரத்தம்

மதிப்பிற்குரிய மைத்துனர் ராமலிங்கம் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தாங்களும் தங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடமும் நலமென்று நம்புகிறேன். கருவடிக்குப்பத்தில் தாங்கள் வீடு குடிபுகுந்த அன்று, எம்.எஸ்ஸி. படித்த என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததை இங்கே கிளறப்போவதில்லை. இலையில் வடை வைக்காததையும்தான்.

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் தெருவில் டெங்கு இல்லையென்று முகாமுக்கு முகாம் முடிவு அனுப்பினீர்கள். இங்கே பட்டப்பகலில் வீடுகள் சாத்திக் கிடந்தன. டி.வி. சத்தம் இல்லை, குழாயடிச் சண்டை இல்லை. கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவது கேட்கும். தட்டினால் அதுவும் நின்றுவிடும். காய்ச்சல்காரர்களின் பெயரை எழுதிப்போய், பள்ளிக்கூடத்தில் வைத்து ரத்தம் எடுக்கிறீர்கள் அல்லவா? அவர்களில் ஒருவரும் போனதில்லை. எல்லாருக்கும் பதிலாகப் பாவாடைதான் போனான். வலை பின்னுகிறவன், தனிக்கட்டை, தும்மல்கூட வராத உடம்பு. அந்தந்த வீட்டு ஆளின் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தந்தப் பெயருக்குக் கை நீட்டுவான். கூலி, பொரித்த வஞ்சிரம். ஊசி போடுகிறவர்கள் நரம்பைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

மீன் விற்கும் வீராயியிடம் இது தப்பு என்றேன். “டெங்கு தெருன்னு பேரு வந்துச்சுன்னா, பாண்டியில எவ என் கூடைய எறக்கச் சொல்லுவா? நீ படிச்சவரு, காயிதத்த வறுத்துத் துன்னுவ. நாங்க?” என்றாள்.

போன முகாமில் பாவாடைக்கே காய்ச்சல். சூடு தெரியாமலிருக்க, மீன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போனானாம். தங்கள் முடிவு வந்தது: அத்தனை பேருக்கும் டெங்கு. ஆம்புலன்ஸ் வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. அதற்குள் காய்ச்சல் விட்டுப்போன அன்பழகன் படகிலிருந்து குதித்து வந்து நின்றான். சிலம்பரசன் பரோட்டாவை மென்றுகொண்டே வந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாவாடை என்று யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரில் ரத்தமே இல்லையே.

இன்று அவன் குடிசைக்குப் போனேன். ஈறில் ரத்தம். திருப்பிக் கொடுக்காத சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். “டேய் பாவாடை” என்றேன். “நான் அன்பழகன்” என்றான். அப்புறம், “சிலம்பரசன்.” குரலும் அவரவர் குரலாகவே இருந்தது. அப்புறம் என் பெயரை, என் குரலில். திரும்பினால், பின்னாலேயே வந்து நின்ற தங்கள் தங்கை தாமரைச்செல்வி, “நீங்கதான் ஊசின்னா மயங்கி வுழுவீங்களே, அதான் உங்க பேருக்கும் இவனையே அனுப்புனேன்” என்றாள். அவன் போட்டிருந்ததில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என் நீலச் சட்டை.

உடனே வண்டி அனுப்புங்கள். அவன் ரத்தத்தை ஒரு தடவையாவது அவன் பெயரில் பாருங்கள். தங்கள் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு; கொசு அண்டாமல் நீடூழி வாழ்க.

பி.கு.: மேலே கேட்ட வண்டி தேவையில்லை. “கடுதாசி போயி சேர்றதுக்குள்ள அவன் போயி சேர்ந்துடுவான்” என்று சொல்லி, தங்கள் தங்கை அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கேதான் வருகிறாள். இப்போது போனில் கேட்டேன். வழியெல்லாம் என் பெயரை மட்டும்தான் சொல்கிறானாம். அவன் பிழைக்க வேண்டும். இல்லையென்றால் செத்தது நான் என்றுதான் தங்கள் ஏட்டில் ஏறும். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அந்தப் பெயர் இந்த நிமிடம் யாருடையது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.