எர்சீலியாவின் பீப்பாய்

வருகிற சனிக்கிழமை என் வீட்டில் நான்தான் தலைவன் என்று செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு முடிவு செய்தேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், பத்து பத்துக்குத்தான் தொலைபேசி அடித்தது.

என் மனைவி எர்சீலியா கோழிகளுக்குத் தீனி போடப் போயிருந்தாள். நான் எடுத்தேன்.

"வணக்கம், நான் ஒத்தாவியா. தூரின்ல இருந்து பேசுறேன். பத்திரிகைல சாப்பாட்டைப் பத்தி எழுதுறவ. உங்க மலைப்பக்கத்துப் பழைய சமையல், பழைய ஒயின் எல்லாத்தையும் தேடிக்கிட்டு வர்றேன். சனிக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்கு வரலாமில்ல?"

"தாராளமா வாங்க, சிஞ்ஞோரா."

"வின்சிஸ்கிராஸி இருக்குமா?"

"அதுக்குப் பேர் போன வீடு இது."

"வீனோ கோத்தோ? நிஜமாவே பழசு?"

"முப்பத்தெட்டு வருஷப் பீப்பாய் இருக்கு."

"அடேயப்பா! யாரு பண்றது?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வினாடி இருந்தது. அதை நான் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

"நான்தான்," என்றேன்.

"அப்ப உங்க பேரோட எழுதிடறேன்."

ஒரெஸ்தே என்ற பெயர் அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் எடுத்த முடிவுதான் மேலே சொன்னது.

எங்கள் ஊர் மொந்தெசோர்தோ. செவிட்டு மலை என்று அர்த்தம். இங்கே புருஷன் பேசினால் மலைக்கும் கேட்காது, மனைவிக்கும் கேட்காது. முப்பத்தொரு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டினேன். வீட்டில் மட்டும் நான் பயணி. அதுவும் நின்றுகொண்டே போகிற பயணி.

அந்தப் பீப்பாய் எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. திராட்சைச் சாற்றைச் செப்புக் கொப்பரையில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, மரப்பீப்பாயில் ஊற்றி, வருஷக்கணக்கில் விட்டுவைப்பார்கள். கொஞ்சம் எடுத்தால் புதுசைக் கொஞ்சம் ஊற்றி நிறைப்பார்கள். அதுதான் வீனோ கோத்தோ, காய்ச்சிய ஒயின். நிலவறைச் சாவி எர்சீலியாவிடம். எனக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற அளவுக் கிளாஸ். மற்றவர்களுக்கு வீனோ. எனக்கு ஒரு சுழி கூடி 'வீணோ'. என் சுழி அப்படி.

முதல் வேலை, அவளை ஊரைவிட்டு அனுப்புவது. அன்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன்.

"எர்சீலியா, ஃபெர்மோல உன் தங்கச்சிக்குக் காலு சுளுக்கிக்கிச்சாம்."

"யாரு சொன்னா?"

"என்கூட பஸ் ஓட்டினவன் ஒருத்தன்."

"எந்தக் காலு?"

இந்தக் கேள்விக்கு நான் தயார் செய்திருக்கவில்லை. "ரெண்டும்," என்றேன்.

எர்சீலியா கரண்டியைக் கீழே வைத்தாள். "அடப்பாவமே! ரெண்டு காலும் சுளுக்கினா மனுஷி எப்படி நடப்பா? நான் வெள்ளிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததே இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக்கூட நாலு வருஷம் யோசித்தாள். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெரிய பையோடு கிளம்பினாள். பை ஏன் இவ்வளவு கனம் என்றேன். தங்கச்சிக்குக் கோழி என்றாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

"அடுப்பைத் தொடாதே, ஒரெஸ்தே. ரொட்டியும் சீஸும் வெச்சிருக்கேன்."

"சரி."

"நிலவறைப் பக்கம் போகாதே."

"சேச்சே!"

பஸ் வளைவில் திரும்பியதும் நான் எதிர் வீட்டு துயிலியோவின் கதவைத் தட்டினேன். துயிலியோ மனைவியை இழந்தவன். பெரிய மீசை, பெரிய அடுப்படி, இரண்டுமே அதிகம் பயன்படுவதில்லை. விஷயத்தைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"முப்பத்தெட்டு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

"நான் முப்பத்தெட்டு வருஷமா சர்ச்சுல பாதிரியாரைப் பாத்துக்கிட்டிருக்கேன். பூசை வைக்கச் சொன்னா வெச்சிடுவேனா?"

"வருவியா மாட்டியா?"

"வராம? நாளைக்கு முழுக்க உன் வீட்டுலதான் இருப்பேன். உன்னை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டேன்." நண்பன் என்றால் இவன் நண்பன் என்று கண் கலங்கினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். வின்சிஸ்கிராஸி என்பது அடுக்கு வேலை. கோழியின் ஈரலையும் கல்லீரலுக்குப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் குழம்பாக்கி, மாவுத் தகடு ஒன்று, குழம்பு ஒன்று என்று அடுக்கி, பால் சாறு ஊற்றி, அடுப்பில் சுட வேண்டும். சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான். மாவு முதலில் கட்டையில் ஒட்டியது. கட்டையிலிருந்து பிடுங்கினேன், கையில் ஒட்டியது. கையை உதறினேன், துயிலியோவின் மீசையில் ஒட்டியது.

"இன்னும் மெல்லிசா தேய்க்கணும்," என்றான் மீசைக்கு உள்ளிருந்து.

"எவ்வளவு மெல்லிசா?"

"எர்சீலியா தேய்ச்சா அந்தப் பக்கம் ஜன்னல் தெரியும்."

நான் தேய்த்ததில் ஜன்னல் தெரியவில்லை. ஜன்னலுக்கே கதவாகப் போடலாம். ஆனாலும் விடவில்லை. பஸ் பனியில் மாட்டினபோதும் நான் விட்டதில்லை. ஆறு தகடு அடுக்கி, பாத்திரத்தை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அடுத்தது சாவி. அது சோளமாவு டப்பாவுக்குள் இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். மாவின் மேல் எர்சீலியா விரலால் ஒரு கோடு போட்டுவைப்பாள். கோடு கலைந்தால் வீடு கலையும். அன்று கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் முழங்கை வரை கையை விட்டேன். சாவி வந்தது.

"ஒரு வாய் ருசி பாத்துடலாமா?" என்றேன்.

துயிலியோ பதறிவிட்டான். "சீச்சீ! விருந்தாளி முன்னாடி பீப்பாயைத் திறக்கிறதுதான் மரியாதை."

அதுவும் சரியாகவே பட்டது.

பன்னிரண்டரைக்கு ஒத்தாவியா வந்தாள். நாற்பது வயது இருக்கும், கையில் குறிப்பேடு. நேராக நிலவறைக்கு அழைத்துப்போனேன். மெழுகுவத்தி ஏற்றினேன். பீப்பாயைத் தட்டிக் காட்டினேன். பேசினேன்.

"ஒயின்ங்கிறது குழந்தை மாதிரி, சிஞ்ஞோரா. தினமும் வந்து பேசணும். நான் பேசுவேன்."

"என்ன பேசுவீங்க?"

"வீட்டு விஷயம்."

துயிலியோ திடீரென்று இருமினான். நான் குழாயைத் திருகினேன். கருஞ்சிவப்பாக இறங்கியது. இவ்வளவு வருஷத் தாகம். ஒரே மடக்கில் கிளாஸைக் காலி செய்தேன்.

நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது. காதுக்குள் மணி அடித்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஒத்தாவியா.

"பழசு," என்றேன், குரல் வந்ததும். "வயசானதால முதல்ல கொஞ்சம் கோபப்படும்."

அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். யோசித்தாள். "இது வினிகர்."

"சில பேரு அப்படியும் சொல்லுவாங்க."

"நல்ல வினிகர். ஆனா வினிகர்."

இன்னும் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்குள் படிக்கட்டின் மேலிருந்து எனக்கு மிகவும் பழக்கமான குரல் கேட்டது.

"ஒரெஸ்தே, மேல புகையுது."

எர்சீலியா! இடுப்பில் சமையல் துணி கட்டி, கையெல்லாம் மாவோடு நின்றாள். முதலில் ஓடிப்போய் அடுப்பை அணைத்தோம். பாத்திரத்தில் இருந்தது சாப்பாடா செங்கல்லா என்று அந்தப் பத்திரிகைக்காரிகூடக் கேட்கவில்லை. நல்ல மாதிரி.

"வாங்கம்மா ஒத்தாவியா," என்றாள் எர்சீலியா, ஏதோ பத்து வருஷப் பழக்கம் மாதிரி. "சனிக்கிழமை வர்றேன்னு நீங்க எழுதின கடுதாசி போன மாசமே வந்துச்சு. சாப்பாடு எதிர்த்த வீட்டுல ரெடியா இருக்கு."

எதிர்த்த வீடு என்றால் துயிலியோ வீடு! நான் அவனைப் பார்த்தேன். அவன் மீசையில் ஒட்டியிருந்த மாவை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

துயிலியோவின் மேஜையில் வெள்ளை விரிப்பு. பொன்னிறமாய் வெந்த வின்சிஸ்கிராஸி. உள்ளே கறி வைத்துப் பொரித்த ஆலிவ். ரொட்டியில் வெண்ணெய் மாதிரித் தடவுகிற பன்றிக்கறித் தொத்திறைச்சி. ஒத்தாவியா முதல் வாய் வைத்ததும் பேனாவைக் கீழே போட்டாள்.

நான் எர்சீலியாவை ஓரமாக இழுத்தேன்.

"நீ ஃபெர்மோ போகலையா?"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துட்டேன்."

"தங்கச்சி காலு?"

"தினமும் காலைல ஏழு மணிக்கு அவகிட்ட ஒரு மணி நேரம் போன்ல பேசுறேன். நீ பக்கத்துலதான் குறட்டை விட்டுட்டிருப்பே."

"அப்ப எதுக்குப் போனே?"

"நான் சமைச்சா நீ உப்பு பாக்குறேன் உப்பு பாக்குறேன்னு பாதிச் சட்டியைக் காலி பண்ணுவே. விருந்தாளி வர்ற அன்னைக்கு உன்னை எப்படி அப்புறப்படுத்தறதுன்னு ஒரு மாசமா யோசிச்சிட்டிருந்தேன். நீயா வந்து தங்கச்சி காலை ஒடிச்சே."

அப்போது துயிலியோ தன் நிலவறையிலிருந்து ஒரு ஜாடியோடு ஏறி வந்தான். தேன் நிறம். வாசனை வாசலுக்கு வந்தது.

"இது எங்கேர்ந்துடா?" என்றேன்.

"உங்க பீப்பாய் ஒயின்தான். நீ ஒருதரம் கால்பந்து பாக்கறப்போ குடிக்க ஒரு குடம் இறக்கினியே, அதுக்கு மறுநாளே எர்சீலியா எல்லாத்தையும் இங்க மாத்திட்டு, அங்க வினிகரை ஊத்தி வெச்சிட்டா. இருபத்திரண்டு வருஷமாச்சு."

"நீ குடிச்சியா?"

"சேச்சே!" என்றான். பிறகு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை மட்டும்."

நான் கணக்குப் போட விரும்பவில்லை. எர்சீலியா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிளாஸை நிறைத்து வைத்தாள். சொட்டு மருந்துக் கிளாஸ் இல்லை, நிஜக் கிளாஸ். உறிஞ்சினேன். அத்திப்பழமும் புகையும் வால்நட்டும் சேர்ந்து தொண்டையில் இறங்கின. கோபப்படத்தான் நினைத்தேன். வாய் வேலையாக இருந்தது.

ஒத்தாவியா போகும்போது எங்கள் வினிகரிலும் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அவளைக் கார்வரை கொண்டுபோய் விட்டேன்.

"என் பேரு ஒரெஸ்தே," என்றேன். "கட்டுரைல என்னைப் பத்தியும் ஒரு வரி..."

"கண்டிப்பா உண்டு," என்றாள் சிரித்துக்கொண்டே.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. நாலு பக்கமும் எர்சீலியா. கடைசிப் பத்தியில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'அந்த வீட்டில் நெடுங்காலமாகப் புளித்துக்கொண்டே சுவை கூடிவருபவை இரண்டு. ஒன்று வினிகர்.'

இன்னொன்றின் பெயரைப் போடவில்லை.