காருக்குள் விரித்த வாழை இலை

ரசத்தை உட்கார்ந்து குடிக்கலாம், நின்று குடிக்கலாம், யாரும் பார்க்காதபோது சட்டியோடு தூக்கியும் குடிக்கலாம். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கார் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, பெண்வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் ரசத்தின் பக்கமே போகக் கூடாது. இந்த ஞானம் எனக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது.

கோவிட் காலம். கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. பொங்குஸ், அதாவது பார்சல், கட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். வடைக் கடை முன்னால் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே தின்ற ஜனமெல்லாம் காருக்குள் குடியேறிவிட்டது. டேஷ்போர்டுதான் மேசை. சிக்னல் போடுகிற குச்சியில் தே தாரிக் பை தொங்கும் (அதை மறந்து சிக்னல் போட்டால் தொடையில் தேத்தண்ணி).

அந்த நாட்களில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். எனக்கு ஊர் ரவாங், பெண் தேவிகாவுக்குக் கிள்ளான். மாதக்கணக்கில் வீடியோவில் பேசி, எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. அவளுக்கும் சம்மதம். அவளுடைய அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பையன் சாப்பிடறத நான் நேர்ல பாக்கணும். சாப்பிடறப்பதான் ஆளு தெரியும்" என்றார். அந்த ஒரு வேளைச் சோற்றில் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

என் அக்கா கௌரிதான் வழி கண்டுபிடித்தாள். "வாழை இலைச் சாப்பாடு வாங்கிட்டு ரெண்டு காரையும் பக்கத்துல பக்கத்துல போடுவோம் லா. அவங்க கார்ல அவங்க சாப்பிடட்டும், நம்ம கார்ல நாம சாப்பிடுவோம். யாரு என்ன கேக்கப் போறா?"

அப்படியே செய்தோம். எதிரும் புதிருமாக நிறுத்தியதால் என் ஜன்னலுக்கு நேராக அவளுடைய அப்பா. அவருக்குப் பின்னால் தேவிகா. இலையை ட்ரேயில் விரித்து மடியில் வைத்துக்கொண்டேன். குழம்பு, கூட்டு, ரசம் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்ட பைகளில் வந்தன. கொண்டுவந்து கொடுத்த சர்வர் மதுரைக்காரர். "எது பத்தலைன்னாலும் ஹாரன் அடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். சிந்தவில்லை, சப்புக் கொட்டவில்லை. அவளுடைய அப்பாகூட ஒருமுறை தலையசைத்தார். அந்த நேரம் பார்த்து தேவிகா மாஸ்க்கைக் கழற்றினாள். வீடியோவில் பாதி நேரம் அவள் நெற்றியும், மீதி நேரம் அவர்கள் வீட்டு மின்விசிறியும்தான் தெரியும். முழு முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ரசப் பையின் ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்தேன்.

பாதி ரசம் சட்டையில். மீதி இலையில் குளமாகி, என் மடியை நோக்கி வரத் தொடங்கியது. யோசிக்க நேரமில்லை. என் பக்கத்து விளிம்பைத் தூக்கி, ஸ்டீயரிங் பக்கமாக இலையை மடித்துவிட்டேன். பேண்ட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் ஒரு பெருமூச்சு வேறு விட்டேன்.

நிமிர்ந்தால், அவளுடைய அப்பாவின் முகம் இருண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியது. மடியிலிருந்த இலையைக்கூட இறக்கிவைக்காமல் அவர் காரைக் கிளப்பினார்.

"டேய், எலய எந்தப் பக்கம்டா மடிச்ச?" என்று அக்கா அலறினாள்.

அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கம் மடித்தால், உங்கள் உறவு வேண்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். பெண் பார்க்க வந்த இடத்தில் நான் கருமாதிக்கு மடிப்பதுபோல மடித்திருக்கிறேன், அதுவும் பெருமூச்சோடு!

இலையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர்கள் கார் முன்னால் நின்றேன். "அங்கிள், போயிராதீங்க! ரசம் அங்கிள், ரசம்!" என்று கத்தியபடி இலையைப் பிரித்து, அவர் கண் முன்னால் என் நெஞ்சுப் பக்கமாக மடித்துக் காட்டினேன். நின்றுகொண்டு மடித்தால் என்ன ஆகும்? மிச்சமிருந்த சோறு, கூட்டு, நொறுங்கிய அப்பளம் எல்லாம் என் மேலேயே வந்து சேர்ந்தன.

சத்தம் கேட்டு ஓடிவந்த சர்வர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரசம் இன்னொரு பாக்கெட் தரவாண்ணே?"

காருக்குள் தேவிகா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பா, காரை ஆஃப் பண்ணுங்க. இதுக்கு மேல அவரு எப்படித்தான் மடிப்பாரு?"

கண்ணாடி இறங்கியது. அவர் என்னையே பார்த்தார். "மொதல்ல மாஸ்க்கப் போடுங்க தம்பி" என்றார். பிறகு தன் மடியிலிருந்த இலையை எனக்குத் தெரியும்படி உயர்த்தி, மெதுவாகத் தன் பக்கம் மடித்தார். எனக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது (கண்ணில் மிளகும் இருந்தது).

இப்போது கடைகளில் மறுபடியும் இடம் பிடிக்க அடிதடி. ஆனாலும் நானும் தேவிகாவும் கல்யாண நாளன்று அதே இடத்தில் காரைப் போட்டுத்தான் சாப்பிடுகிறோம். எங்களைப் போல ஜன்னலை இறக்கிவிட்டுச் சாப்பிடும் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

விருந்து வீடுகளில்தான் எனக்குக் கஷ்டம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமனார் என் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவார். ரச வாளி எங்கள் வரிசைக்குள் நுழையும்போதே அவர் கை என் இலைக்கு வந்துவிடும். "நீங்க இருங்க மாப்ள, நான் மடிக்கறேன்" என்று என் பக்கமாக மடித்து, அதன் மேல் ஒரு தட்டும் தட்டுவார். பந்தியே சிரிக்கும். கல்யாணமான நாளிலிருந்து ரசம் வேண்டுமென்றால் நான் வீட்டுக்கு வந்துதான், யாரும் பார்க்காதபோது, சட்டியோடு தூக்கிக் குடிக்கிறேன்.