போடிக்குப் போனால் படுத்துவிடும் ஏ.சி.

"இப்போ மட்டும் எப்படிய்யா குளிருது?"

சூரியநெல்லி எஸ்டேட் பங்களா வாசலில் கார் நின்ற பிறகும் எஸ்டேட் மேனேஜர் துரை இறங்கவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஏ.சி. பெட்டியின் வாயில் கையை வைத்துக்கொண்டு, டிரைவர் கருத்தப்பாண்டியை முறைத்தார். அவர் சட்டையில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு போட்டிருந்தது.

"அதான் தொரை எனக்கும் புரியல. ஜில்லுன்னுதான் வருது."

"போடியில அனலா அடிச்சுதே?"

"அடிச்சுது தொரை."

"நக்கலா?"

"அய்யோ, இல்ல தொரை."

எழுபத்தேழாம் வருஷம் அந்த மலையில் ஏ.சி. வைத்த கார் அது ஒன்றுதான். துரையின் மச்சான் போன மாதம் காரை மதுரைக்கு ஓட்டிக்கொண்டுபோய், ஏ.சி.யோடு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாம் "அடேயப்பா!" என்றார்கள். முதல் தடவையாக அன்றைக்குத்தான் போடிக்கு இறங்கினார்கள். இறங்கின இடத்தில் மானம் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை கம்பெனி டைரக்டர் போடி ஸ்டேஷன்ல வந்து இறங்குறார். ஏ.சி. கார் அனுப்புறேன்னு நான் எழுதியாச்சு. அவருக்கு ஒரு சொட்டு வேர்த்தாலும், திங்கக்கிழமை நீ தொப்பியைக் கழட்டிட்டுக் கவாத்துக்குப் போற."

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த வேலைக்குக் கங்காணி மொக்கையன், கருத்தப்பாண்டியின் மச்சினன். வெள்ளைத் தொப்பி போட்ட எட்டு வருஷமாக "ஏலே மொக்கை" என்று கூப்பிட்ட வாயால், திங்கட்கிழமை முதல் "கங்காணி அய்யா" என்று கூப்பிட வேண்டும். கருத்தப்பாண்டி தொப்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கி மாட்டிக்கொண்டான்.

காரை நேரே தொழிலாளர் லயத்தில் தன் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தான். கொழுந்துக் கூடையோடு வந்த அவன் பெண்டாட்டி சுருளியம்மாள் வாயைப் பிளந்தாள்.

"என்ன, காரு நம்ம வாசல்ல நிக்குது? தொரை சீதனமாக் குடுத்துட்டாரா?"

"கேலி பண்ணாம இதுல கைய வையி."

"ஆத்தாடி, ஜில்லுன்னு வருதே! நல்லாத்தானே இருக்கு?"

"அதுதான்டி வியாதியே."

விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் கூடை நழுவிவிட்டது. "எங்கண்ணன்கிட்டயா வேலைக்குப் போகப் போறீக? நல்லாப் பாத்துக்கிடும்!" என்றாள். அதற்குமேல் தாங்கமுடியாமல் கருத்தப்பாண்டி பெரியமுத்துவைத் தேடிப் போனான்.

பெரியமுத்து தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். அவர் கை வைக்காத எந்திரம் அங்கே கிடையாது. கை வைத்த பிறகு பழையபடி ஓடிய எந்திரமும் அதிகம் கிடையாது. காரை மூன்று தரம் சுற்றிவந்தார். டயரை ஒரு உதை உதைத்தார்.

"சூட்டுக்குப் போனாத்தான நிக்குது? அப்ப சூட்டைக் காட்டித்தான் வைத்தியம் பாக்கணும். இங்க வச்சுப் பாத்தா அது நடிக்கும்."

சூரியநெல்லியில் சூட்டுக்கு எங்கே போவது? மத்தியானத்திலேயே கம்பளி போர்த்திக்கொள்ளும் ஊர். ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்பறை ஒன்றுதான் சூடு. இருவரும் காரை அதன் கதவுவரை தள்ளிக்கொண்டு போனார்கள். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

"தேயிலையில பெட்ரோல் வாடை அடிச்சா ஏலத்துல யாருய்யா எடுப்பா? உங்கப்பனா?"

மறுபடி லயத்துக்கே தள்ளிவந்தார்கள். பெரியமுத்து அசரவில்லை. சுருளியம்மாள் குளிர் காயும் கணப்புச் சட்டியைக் கங்கோடு தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார். கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டார். கால் மணி நேரம் இருவரும் வெளியே நின்று, அடுப்பில் பொங்கல் பொங்குகிறதா என்று பார்ப்பதைப்போல எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இப்பப் போடுறா ஏ.சி.ய!"

பெரியமுத்து பின்கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்ட, கருத்தப்பாண்டி போட்டான். ஒரு சட்டிச் சாம்பலும் எழும்பி வந்து பெரியமுத்துவின் முகத்தில் அப்பியது. பின்னாலேயே சுடச்சுடக் காற்று.

"பாத்தியா! வியாதி வெளிய வந்துருச்சு!" என்று சாம்பலுக்குள்ளிருந்து சந்தோஷப்பட்டார்.

"அண்ணே, என்னமோ கருகுதே?"

பின்சீட்டு ரெக்சினில் தோசை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கருத்தப்பாண்டி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். பாவம், இதுவரை கெட்டுப்போனது ஏ.சி. மட்டும்தான், இப்போது சீட்டும் சேர்ந்துகொண்டது. சுருளியம்மாள்தான் உள்ளே போய், கம்பெனி வருஷாவருஷம் கொடுக்கும் கம்பளியில் புதுசாக ஒன்றை எடுத்துவந்து சீட்டுக்கு விரித்தாள்.

"போடி வெயில்ல கம்பளி மேலயா டைரக்டர உக்கார வைக்க?"

"ஓட்டை மேல உக்கார வைக்கிறதுக்கு இது தேவலை."

மறுநாள் பெரியமுத்து ஏ.சி. பெட்டியையே கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன ஃபேன். அதற்கு முன்னால் ஒரு முழ இடம்.

"என்னண்ணே, மிச்சமெல்லாம் காலியாக் கெடக்கு?"

"அட, காத்து உள்ள வந்து நின்னு குளுர வேண்டாமா? அதுக்கு எடம் விட்டிருக்கான். மூளைக்காரப் பய!" பெரியமுத்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஃபேன் வேகம் பத்தலை. அவ்வளவுதான். ஹார்ன் வயர்ல நல்லா கரண்டு வரும். அதுல குடுத்துருவோம்."

கொடுத்தார். ஃபேன் சூறாவளியாகச் சுற்றியது. ஆனால் ஹார்ன் அடித்தால் ஃபேன் நின்றுவிடும். ஃபேன் வேண்டுமென்றால் ஹார்ன் அடிக்கக்கூடாது.

"ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும், பாத்து நடந்துக்க," என்று சொல்லி, பெரியமுத்து தன் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கருத்தப்பாண்டி போடிக்கு இறங்கினான். ஏ.சி.யைப் போட்டான். அனல்! ரெண்டு நாள் வைத்தியத்துக்குப் பிறகு முன்னைவிட வேகமான அனல். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டான். கண்ணை மூடினால் மொக்கையன் கையில் கவாத்துக் கத்தியோடு நின்றான்.

கண்ணைத் திறந்தபோது எதிரே சர்பத் கடைக்காரர் ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். கருத்தப்பாண்டி கொஞ்ச நேரம் ஐஸைப் பார்த்தான்; பிறகு பெட்டியை நினைத்தான். உள்ளே ஒரு முழ இடம் சும்மாதானே கிடக்கிறது? ஒரே ஓட்டமாக ஓடினான். பாதிப் பாளத்தைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் திணித்து மூடினான். ஃபேனைப் போட்டதும் வந்தது பாருங்கள் ஒரு காற்று, பல் கிட்டிப்போகும்!

டைரக்டர் ஏறி உட்கார்ந்தார். வெள்ளைப் பேண்ட், பளபளக்கும் ஷூ.

"ஆஹா! பிரமாதமான கூலிங்! ஆமா, சீட்ல எதுக்குப்பா கம்பளி?"

"ஏ.சி. குளுரு தாங்காதுங்கய்யா. அதுக்குத்தான்."

டைரக்டர் புருவத்தை உயர்த்தி, கம்பளியை மரியாதையாகத் தடவிப் பார்த்தார்.

மலையடிவாரத்து முந்தல் வரும்வரை வழியெல்லாம் மாட்டு வண்டி. ஹார்ன் அடித்தால் காற்று நின்றுவிடுமே! கருத்தப்பாண்டி ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் பொறுமையாக ஊர்ந்தான். "மெட்ராஸ்ல எவனுக்கு இந்தப் பண்பு இருக்கு? ஹார்னே அடிக்க மாட்டேங்கிறானே!" என்று டைரக்டர் உருகிப்போனார்.

மலை ஏற ஆரம்பித்ததும் ஐஸ் உருகிய தண்ணீர் பின்பக்கமாக ஓடிற்று. போய்ச் சேர்ந்த இடம் டைரக்டரின் ஷூ. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். கருத்தப்பாண்டி கண்ணாடியில் அதைப் பார்த்து, தொப்பியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

போடிமெட்டுச் செக்போஸ்டில் கேரளப் போலீஸ்காரர் கதவடியில் சொட்டுவதைப் பார்த்துவிட்டார். "எந்தா இது? ஸ்பிரிட்டாணோ?" என்று, கடத்தல் சாராயமோ என்ற சந்தேகத்தில் விரலில் தொட்டு மோந்தார்.

டைரக்டர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"ஏ.சி.ன்னா தண்ணி சொட்டத்தான்யா செய்யும். அதுதான் நல்ல ஏ.சி.க்கு அடையாளம். இதுகூடத் தெரியாதா?"

போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். அதற்குள் ஐஸ் முழுக்கத் தீர்ந்திருந்தது. ஆனால் மலைக் குளிரும் வந்து சேர்ந்திருந்தது. பூப்பாறை, சின்னக்கானல் என்று பெட்டி தானாகவே ஜில்லென்று ஊதிக்கொண்டு வந்தது. கருத்தப்பாண்டி வளைவுக்கு வளைவு ஹார்னை ஆசைதீர அடித்தான்.

பங்களா வாசலில் துரை மாலையோடு நின்றார். பக்கத்தில் எஸ்டேட் ஆட்கள், முன்வரிசையில் மொக்கையன். டைரக்டர் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் இறங்கினார்.

"மிஸ்டர், நான் பார்த்ததிலேயே இதுதான் பெஸ்ட் ஏ.சி.! போடி வெயில்ல ஐஸ் மாதிரி காத்து! மெட்ராஸ்ல என் கார் ஏ.சி. இதுக்குக் கால் தூசி பெறாது. யாரு ரிப்பேர் பார்க்கிறது?"

"நம்ம டிரைவர் பாண்டிதான் சார். எல்லாம் வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்குவான்," என்றார் துரை, தானே சொல்லிக்கொடுத்ததைப்போல.

டைரக்டர் கருத்தப்பாண்டியின் தோளில் தட்டினார். எட்டு வருஷ சர்வீஸில் அப்படியொரு தட்டு விழுந்ததில்லை. அவன் தொப்பியை நேராக்கிக்கொண்டு, "ஏலே மொக்கை, அய்யா பெட்டியை எறக்குலே!" என்று ஊர் கேட்கக் குரல் கொடுத்தான். மொக்கையன் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினான். கொழுந்துக்காரிகளோடு நின்ற சுருளியம்மாளுக்கே புருஷனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அப்போது ஒரு வேன் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. மதுரை ஒர்க்‌ஷாப் மேஸ்திரி சூசையப்பன் இறங்கினார். பின்னால் இரண்டு பேர் கனத்த மரப்பெட்டி ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்தார்கள். சூசையப்பன் துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்:

"மன்னிச்சுக்கணும் தொரை, மெஷின் இன்னைக்குத்தான் பம்பாயிலருந்து வந்துச்சு. போன மாசம் உங்க மச்சான் அவசரப்பட்டாருன்னு ஃபேனோட வெறும் கூட்டை மட்டும் மாட்டி அனுப்பிட்டேன், ஏ.சி. இல்லாம இத்தன நாளும் என்ன பாடுபட்டீகளோ!"